பொட்டலம் கட்டுவது யார்?



ஒரு காலத்தில் தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அது தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும். கிராணி பெயரைப் படித்துக் கூப்பிட்டுக் கொடுப்பார். லயத்து வீட்டுக்கென்று தனி முகவரி இருந்ததில்லை. இன்றோ நம் வீட்டிலிருந்தே பொட்டலங்கள் வெளியூர் போகின்றன. முறுக்கு, ஊறுகாய், மசாலைத் தூள், தைத்த ரவிக்கை என்று கைத்தொலைபேசியில் படம் போட்டு விற்கும் பெண்கள் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களில் இருக்கிறார்கள். லசாடா 2012-லும் ஷோப்பி 2015-லும் மலேசியாவில் கடை விரித்தன. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, வீட்டிலிருந்தே விற்பது பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தது.

விற்பனை கொஞ்சம் சூடுபிடித்ததும் ஒரு கேள்வி எழுகிறது. வந்த ஆர்டர்களை நாமே கட்டி அனுப்புவதா, அல்லது அந்த வேலையை வெளியாரிடம் கொடுத்துவிடுவதா? இன்று நாம் பார்க்கப் போவது இதைத்தான்.

முதலில், வேலை என்னவென்று பிரித்துப் பார்ப்போம். சரக்கை எண்ணி, கெடாமல் வைப்பது ஒன்று. ஆர்டர் வந்ததும் சரியான பொருளை எடுப்பது இரண்டு. உடையாமல் கட்டி முகவரிச் சீட்டு ஒட்டுவது மூன்று. கூரியரிடம் சேர்ப்பது நான்கு. வாடிக்கையாளர் ஊர் வரை கொண்டுபோவது ஐந்து. திரும்பி வந்ததையும் புகாரையும் கவனிப்பது ஆறு. இவற்றில் ஐந்தாவதை நாம் ஏற்கெனவே வெளியாரிடம்தான் கொடுத்திருக்கிறோம். ஈப்போவுக்கு நாமே மோட்டார் சைக்கிளில் போவதில்லை. ஆகவே, மீதி ஐந்தில் எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதே கேள்வி.

வெளியாரிடம் கொடுப்பது நமக்குப் புதிய சங்கதி அல்ல. களை எடுப்பது, மருந்தடிப்பது, குலை வெட்டுவது போன்ற வேலைகளைத் தோட்ட நிர்வாகங்கள் குத்தகைக்காரர்களிடம் விட்டதை, குறிப்பாக 1980-களில், நம் குடும்பங்கள் நேரில் கண்டன. வேலை இருக்கும்போது காசு, இல்லாதபோது செலவில்லை. நிர்வாகத்துக்கு இது வசதி. பாதிக்கப்பட்டவர்கள் நாம். இப்போது சிறிய அளவில் நாமே நிர்வாகத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். குத்தகைக்கு விட்டால் எது மிச்சமாகும், எது கைவிட்டுப் போகும் என்பதை நம்மைவிட யார் நன்றாக அறிவார்கள்?

ஒரு கணக்குப் போடுவோம். இதில் வரும் தொகைகள் உதாரணத்துக்காக வைத்தவை. உங்கள் தொகையைப் போட்டு நீங்களே செய்து பார்க்கலாம். மாதம் 40 பொட்டலம். பெட்டி, ஒட்டுநாடாவுக்குப் பொட்டலத்துக்கு 1 வெள்ளி 50 காசு என்றால் 60 வெள்ளி. வாரம் இரண்டு தடவை பட்டணத்துக்குப் போக வரப் பெட்ரோல் 3 வெள்ளி வீதம் 24 வெள்ளி. இத்தோடு பலரும் கணக்கை முடித்துவிடுகிறார்கள். நம் உழைப்பு எங்கே? ஒரு பொட்டலம் கட்டப் பத்து நிமிடம், ஒரு பயணத்துக்கு ஒரு மணி நேரம் என்றால், மாதம் 14 மணி 40 நிமிடம் ஆகிறது. 2025-ல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, அதாவது மணிக்கு 8 வெள்ளி 72 காசு. அந்த வீதத்தில் நம் கூலி ஏறக்குறைய 128 வெள்ளி. மொத்தம் 212 வெள்ளி.

வெளியார் கிடங்கு ஒன்று இடவாடகையாக மாதம் 60 வெள்ளியும், பெட்டி உட்படப் பொட்டலத்துக்கு 4 வெள்ளியும் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 220 வெள்ளி ஆகிறது. வித்தியாசம் 8 வெள்ளிதான். ஆனால் வீட்டிலேயே செய்தால் அந்த 128 வெள்ளிக் கூலி வீட்டிலேயே தங்குகிறது. ஆகவே இந்த அளவில் நாமே கட்டுவது நல்லது.

தீபாவளி மாதம் வருகிறது. 40 பொட்டலம் 400 ஆகிறது. பட்டணப் பயணம் 26 நாள். அதே கணக்கில் வீட்டில் 1,486 வெள்ளி. வெளியே 1,660 வெள்ளி. இப்போதும் வீடுதான் மலிவு போலத் தெரிகிறது. ஆனால் மணிக்கணக்கைப் பாருங்கள்: 92 மணி 40 நிமிடம்! எட்டு மணி நேர வேலையாகப் பார்த்தால் ஏறக்குறைய 12 முழு நாட்கள். அந்த நாட்களில் முறுக்கு சுடுவது யார்? அடுப்படியில் ஒரு மணி நேரம் நின்றால் 12 வெள்ளி கிடைக்கும் என்றால், கட்டுவதில் கழித்த நேரத்தின் மதிப்பும் அதுவே. அப்படிப் பார்த்தால் வீட்டுச் செலவு 1,790 வெள்ளி ஆகிவிடுகிறது. வெளியே கொடுப்பது 130 வெள்ளி மலிவு. ஆனால் கிடங்குக்குச் சரக்கைக் கொண்டுபோகும் செலவு 130 வெள்ளியைத் தாண்டினால் அந்த லாபமும் போய்விடும். ஆக, முடிவு செய்வது பொட்டலத்தின் எண்ணிக்கை மட்டுமல்ல. நம் கைநேரத்தின் விலையும்தான்.

பெரிய நிறுவனங்களும் இந்தக் கேள்வியில் இடறியிருக்கின்றன. அமெரிக்காவில் வெப்வேன் என்ற மளிகைக் கடை 1999-ல் இணையத்தில் விற்பனையைத் தொடங்கியது. போதிய வாடிக்கையாளர் சேரும் முன்பே பல ஊர்களில் பெருங்கிடங்குகளையும் வண்டிகளையும் சொந்தமாக அமைத்தது. 2001 ஜூலையில் திவாலானது. இதற்கு மாறாக, 2007-ல் பெங்களூரில் புத்தகம் விற்கத் தொடங்கிய பிளிப்கார்ட், 2009-ல் சொந்த விநியோகப் பிரிவை ஏற்படுத்தி நிலைத்தது. 2010-ல் பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கும் முறையையும் கொண்டுவந்தது. சொந்தமாகச் செய்வது நல்லதா கெட்டதா என்பதற்கு எங்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. தேவை வந்த பிறகு செய்தார்களா, வருவதற்கு முன்பே செய்தார்களா என்று பார்க்க வேண்டும்.

நம் சரக்கின் தன்மையையும் மறக்கக் கூடாது. கைத்தொலைபேசி உறையும் வளையலும் ஆறு மாதம் கிடங்கில் கிடந்தாலும் கெடாது. முறுக்கு நமுத்துப் போகும். ஊறுகாய் புட்டி கசியும். மெர்லிமாவில் சுட்ட முறுக்கு ஷா ஆலம் கிடங்குக்குப் போய்ச் சில வாரம் உட்கார்ந்துவிட்டு, ஜாசினில் இருக்கும் வாடிக்கையாளருக்கே திரும்பி வருவது யாருக்கு நன்மை? கெடும் பொருளை வீட்டிலிருந்தே அனுப்புவதுதான் புத்தி.

வீட்டில் கட்டுகிறவர்கள் பெட்டியின் அளவில் கவனமாக இருக்க வேண்டும். கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5,000-ஆல் வகுக்கிறார்கள். வருவதும் எடையும் எது அதிகமோ அதற்குக் கட்டணம். 40, 30, 30 அளவுள்ள பெட்டியில் 3 கிலோ முறுக்கு வைத்தால் 7.2 கிலோவுக்குக் காசு கொடுக்கிறோம். அதே முறுக்கை 30, 25, 20 அளவுள்ள பெட்டியில் அடக்கினால் 3 கிலோவுக்குத்தான் காசு. பெட்டியை மாற்றிய ஒரே காரணத்தால் 4.2 கிலோவின் கட்டணம் மிச்சம்.

யாரிடம் எதைக் கொடுத்தாலும், கொடுக்கக் கூடாதவை மூன்று உண்டு. ஒன்று, வாடிக்கையாளரின் பெயர்ப் பட்டியல். இரண்டு, சரக்கு இருப்புக் கணக்கு. கிடங்கு எண்ணினாலும் நம் நோட்டுப் புத்தகத்திலும் எண்ணிக்கை இருக்க வேண்டும். மூன்று, புகாருக்குப் பதில் சொல்லும் வாய். சட்டமும் அப்படித்தான் நினைக்கிறது. மின்னியல் வாணிப விதிமுறைகளின்படி, இணையத்தில் விற்பவர் தம் பெயர், தொடர்பு விவரம், அனுப்பும் செலவு உட்பட முழு விலை, பொருள் போய்ச் சேர ஆகும் காலம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். பொட்டலம் தாமதமானால் கிடங்குக்காரரை வாடிக்கையாளர் அறியமாட்டார், நம்மைத்தான் அறிவார்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. ஒரே லயத்தில், ஒரே தாமானில் விற்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, பெட்டிகளை மொத்தமாக வாங்கி, முறைவைத்து ஒருவர் பட்டணம் போய் வரலாம். பொட்டலம் அதிகமாக இருந்தால், கூரியரையே வந்து எடுத்துக்கொள்ளும்படி கேட்கலாம். பண்டிகை மாதத்தில் அக்கம்பக்கத்துப் பெண் ஒருவரைக் கட்டும் வேலைக்கு வைத்து, நியாயமான கூலி கொடுக்கலாம். அந்தக் காசு நம் ஊரிலேயே நிற்கும். கூடிச் செய்வதும் நமக்குப் பழக்கமானதுதான். 1960-ல் துன் வீ. தி. சம்பந்தன் தொடக்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டியே தோட்டங்களை வாங்கியது. நாலு வீட்டுப் பொட்டலங்களைச் சேர்ப்பது அதைவிடக் கடினமா?

ஆகவே நேயர்களே, இன்றிரவு ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற மாதம் எத்தனை பொட்டலம், எத்தனை மணி நேரம், எவ்வளவு காசு என்று மூன்று வரி எழுதுங்கள். உங்கள் கூலியையும் மறவாமல் எழுதுங்கள். பிறர் தோட்டத்தில் நம் உழைப்புக்கு விலை வைத்தவர்கள் வேறு யாரோ. நம் சொந்த மேசையில் அதற்கு விலை வைக்க வேண்டியவர்கள் நாமேதான்.