உறக்கத்தில் நின்ற மூச்சு



நான் 34 ஆண்டுகள் பள்ளிப் பணியாற்றி ஓய்வு பெற்றவன், மருத்துவன் அல்லேன். மருத்துவம் பற்றிப் பேச எனக்குள்ள உரிமை, நான் ஒரு நோயாளியாக இருந்தேன் என்பதே. அந்நோய்க்குச் சில காலம் நானே மருத்துவனாகவும் இருந்தேன். அந்தப் பிழையைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன்.

ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டில், நாளிதழை விரித்தால் இரண்டு பத்தி படிப்பதற்குள் தலை கவிழ்ந்துவிடும். காலையில் எழும்போதே களைப்பு. இரவில் குறட்டை பலமாக இருப்பதாக வீட்டார் கூறக் கேட்டு நானும் சேர்ந்து சிரித்துவந்தேன். ஒருநாள் என் மனைவி, "குறட்டை கேட்கும்வரை எனக்குக் கவலை இல்லை, அது நின்றுபோகும்போதுதான் அச்சமாக இருக்கிறது" என்றார். மூச்சு நின்றதும் அவர் மனத்திற்குள் எண்ணத் தொடங்குவாராம். சில இரவுகளில் இருபதைத் தாண்டியும் எண்ணியதுண்டாம்.

இதை நண்பர் ஒருவரிடம் கூறினேன். "இது ஸ்லீப் ஆப்னியாதான், ஐயமே வேண்டா" என்றார் அவர். காலமான தம் தமையனார் பயன்படுத்திய சிபாப் கருவியைத் துடைத்து எடுத்துவந்து கொடுத்தார். அன்பினால் செய்த உதவி அது. அவரைக் குறை கூறமாட்டேன், வாங்கிக்கொண்டவன் நானன்றோ?

அந்நோய் யாதெனச் சிறிது விளக்குதல் வேண்டும். நாம் உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவை மிகத் தளர்ந்து மூச்சுவழியை மூடிவிடுகின்றன. நெஞ்சு எவ்வளவு முயன்றாலும் காற்று உள்ளே செல்வதில்லை. குருதியில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை ஒரு நொடி விழித்துக்கொள்ள, தொண்டை திறக்கிறது. 10 வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் மருத்துவர் அதனைக் கணக்கில் சேர்ப்பர். மணிக்கு 30 முறையோ மேலோ இவ்வாறு நேர்ந்தால் நோய் கடுமையானது என்பர். இத்தகையோர்க்கு மூக்கின் வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தி, அக்காற்றையே முட்டுக்கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை, ஆஸ்திரேலியாவில் சிட்னி நகர மருத்துவர் காலின் சல்லிவன் 1981-ல் வெளியிட்டார். மிக நல்ல முறை. ஆயினும் எவ்வளவு அழுத்தம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். என்னிடம் வந்த கருவி மற்றொருவர் தொண்டைக்கு அளந்து வைத்தது.

அதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. மூச்சு நிற்பது இருவகை. தொண்டை அடைபடுவது ஒன்று. மற்றொன்றில் தொண்டை திறந்தே இருக்கிறது. மூச்சுவிடு என்னும் ஆணையை மூளை அனுப்புவதில்லை. இதயம் வலுவிழந்தோரிடம் இதனைக் காணலாம்.

குளியலறையில் வென்னீர்க் குழாயைத் திருப்புகிறீர்கள். வென்னீர் வந்து சேரச் சற்று நேரமாகும். பொறுமையின்றி மேலும் திருப்புகிறீர்கள், வந்ததும் சுடுகிறது. உடனே மூடினால் குளிர்கிறது. செய்தி தாமதமாக வருவதால் வந்த வினை இது. நுரையீரலிலிருந்து மூளைக்குக் கரியமில வாயுவின் அளவைக் கொண்டுசெல்வது குருதி. இதயம் தளர்ந்தால் அச்செய்தி தாமதமாகிறது. மூளை தேவைக்கு மேல் மூச்சு வாங்கச் செய்கிறது. வாயு குறைந்துவிட்டதென அறிந்ததும் மூச்சை நிறுத்திவிடுகிறது. அலைபோல் ஏறி, இறங்கி, அடங்கும் இம்மூச்சை டப்ளின் நகர மருத்துவர்களான ஜான் செயின் 1818-லும், வில்லியம் ஸ்டோக்ஸ் 1854-லும் எழுதி வைத்துள்ளனர்.

இருளில் அருகே படுத்திருப்பவர் செவிக்கு இரண்டும் ஒரே அமைதிதான். பிரித்தறிய உறக்கப் பரிசோதனை வேண்டும். மூக்கருகே ஒரு குழாயும், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகளும், விரலில் ஆக்சிஜன் அளக்கும் கவ்வியும் பொருத்தி இரவு முழுவதும் பதிவு செய்வர். காற்று வராதபோதும் மார்பு போராடினால் தொண்டை அடைப்பு. மார்பும் அசையாதிருந்தால் மற்றது.

நான் இவற்றுள் ஒன்றும் அறியாமல் கருவியை மாட்டிக்கொண்டு படுத்தேன். குறட்டை நின்றது! வீடே மகிழ்ந்தது. களைப்பு மட்டும் போகவில்லை. மாலையில் கால் வீங்கியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. முதுமை என்று எனக்கு நானே விடை எழுதி, முழு மதிப்பெண்ணும் இட்டுக்கொண்டேன். மூன்று திங்கள் இவ்வாறு கழிந்தபின் என் மகள் வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். பரிசோதனையில், மூச்சு நின்றவற்றுள் பெரும்பகுதி இரண்டாம் வகை எனத் தெரிந்தது. இதயத்தையும் சோதித்தனர், அதன் இறைக்கும் ஆற்றல் குறைந்திருந்தது. மருந்து தேவைப்பட்டது இதயத்திற்கு. அம்மூன்று திங்களையும் நான் வீணாக்கியிருந்தேன்.

கருவி எதுவாயினும் கேடில்லை என்று எண்ணுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். மூச்சின் போக்கிற்கேற்பத் தானே மாறிக் காற்றுச் செலுத்தும் வேறொரு கருவியை, என்னைப் போல் இதயம் தளர்ந்து இரண்டாம் வகை நோயுற்ற 1,325 பேரிடம் ஆராய்ந்தனர். முடிவு 2015-ல் வெளிவந்தது. கருவி பெற்றோர்க்கு மூச்சு நிற்பது குறைந்தது. ஆனால் இதய நோயால் இறந்தோர் அவர்களிடையே மிகுதியாக இருந்தனர். நோயறிந்த மருத்துவரே எதிர்பாராத முடிவு அது.

உறக்க மாத்திரையும் மதுவும் தொண்டையை மேலும் தளர்த்தும். வாயை ஒட்டுத்தாளால் ஒட்டிக்கொண்டு உறங்கும் புதுப்பழக்கம், மூக்கடைப்பு உள்ளவர்க்கு ஆபத்து. இவற்றை விரித்துரைக்க நேரமில்லை. ஆனால் மருத்துவர் அளந்து கொடுத்த கருவியைப் பயன்படுத்துவோர், என் பேச்சைக் கேட்டு அதனை நிறுத்திவிடல் கூடாது. வீட்டில் எவருக்கேனும் உறக்கத்தில் மூச்சு நிற்கக் கண்டால், கைப்பேசியில் சிறிது படம்பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். பெயர் சூட்டும் வேலையை அவருக்கு விடுங்கள்.

என் பிழை அதற்கும் முன்பே தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது. ஆறாம் வகுப்பில் ஒரு சிறுவன் வாயைத் திறந்தபடி உறங்கிவிழுவான். சோம்பல் என்று முடிவு செய்து பெஞ்சின்மேல் நிற்கவைத்தேன். நின்றபடியே கண் சொருகினான். பின்னர்ப் பள்ளிக்கு வந்த மருத்துவர் ஒருவர் அவன் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். உள்நாக்கின் இருபுறமும் சதை வளர்ந்து ஒன்றையொன்று தொடும் நிலையில் இருந்தது. சிறுவர்க்கு இந்நோய் பெரும்பாலும் இதனாலேயே வருகிறது என்றார். அறுவை செய்தனர். மறு ஆண்டு அவன்மீது என்னிடம் வந்த புகார், வகுப்பில் ஓயாமல் பேசுகிறான் என்பது.