இலைத் தேநீரின் ருசி

கடைகளில் நாம் குடிக்கும் டீ பெரும்பாலும் டஸ்ட் தூளில் போட்டது. பாலும் சர்க்கரையும் சேர்ந்தாலும் அதன் திடம் குறையாது. முழு இலைத் தேயிலையின் ருசியோ மென்மையானது. பச்சைத் தேயிலை, ஊலாங், கறுப்புத் தேயிலை எல்லாமே 'கமேலியா சைனென்சிஸ்' என்ற ஒரே செடியின் கொழுந்துதான். பறித்த இலையைக் காற்றோடு எவ்வளவு வினைபுரிய விடுகிறோம் என்பதைப் பொறுத்து நிறமும் மணமும் மாறுகின்றன.

வீட்டில் போடும்போது தண்ணீரின் சூடுதான் முக்கியம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பச்சைத் தேயிலை கசந்துவிடும். தண்ணீரைக் கொதிக்கவைத்துச் சற்று ஆறவிடுங்கள். 75 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஊற்றி, 2 நிமிடத்தில் வடிகட்டுங்கள். கறுப்புத் தேயிலைக்குக் கொதிநீரே சரி. 3 அல்லது 4 நிமிடம் ஊறட்டும். ஒரு கோப்பைக்கு 2 கிராம் இலை போதும். திடமாக வேண்டுமென்றால் இலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள்.

தேயிலை ருசிபார்ப்பவர்கள் சத்தம் வர உறிஞ்சுவார்கள். காற்றும் சேர்ந்து போனால் மணம் மூக்கின் உள்புறத்தை நன்றாக எட்டும். வீட்டில் தயங்காமல் அப்படியே உறிஞ்சிப் பாருங்கள்!

நீலகிரியில் டிசம்பர், ஜனவரிக் குளிரில் பறிக்கும் தேயிலைக்குத் தனி மணம் உண்டு. அதில் 50 கிராம் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில், மசாலாப் பொருள்களிலிருந்து தள்ளி வையுங்கள். முதல் கோப்பையைப் பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடித்துப் பாருங்கள்.