உளநலமும் வாழ்க்கை வெற்றியும்: வன்னிச் சமூகத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஒருவர் நலமாக வாழ்வதும், தாம் மேற்கொண்ட முயற்சியில் வெற்றி பெறுவதும் எவற்றால் தீர்மானிக்கப்படுகின்றன என்ற வினாவுக்கு எம்மிடையே இருவகை விடைகள் வழங்கி வருகின்றன. எல்லாம் மனத்திலேயே உள்ளது என்பது முதலாவது விடை. தன்னம்பிக்கையும் விடாமுயற்சியும் உள்ளவர் உயர்வர், அவை இல்லாதவர் தாழ்வர் என அது கூறும். எல்லாம் பொருளாதாரத்திலேயே உள்ளது என்பது இரண்டாவது விடை. வீடும் வீதியும் தொழிலும் வந்துவிட்டால் மனம் தானாகவே சீர்ப்பட்டுவிடும் என அது கொள்ளும். முன்னதை உளவியல்வாதம் எனவும் பின்னதைப் பொருளாதாரவாதம் எனவும் குறிக்கலாம். உளவியல்வாதத்தின் தவறை முற்போக்காளர் எளிதில் இனங்காண்பர். பொருளாதாரவாதமோ எமது அணியினரிடையேயே நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. மனத்தைப் பற்றிப் பேசுவது நடுத்தர வர்க்கத்தின் ஆடம்பரம் என நாம் எண்ணியிருந்த காலமும் உண்டு.

போருக்குப் பிந்திய வன்னி இவ்விரு விடைகளையும் கடுமையான சோதனைக்கு உட்படுத்தியுள்ளது. உளநலம் தனிமனிதரின் உடைமையன்று, அது மனிதருக்கிடையே நிலவும் உறவுகளின் நிலை என்பதே இக்கட்டுரையின் கருத்து. நிலம், துக்கம், கடன், கல்வி ஆகிய நான்கு தளங்களில் இதனை நோக்குவோம்.

1. நிலமும் மனிதரும்

வன்னி மக்கள் முயற்சி குன்றியவர்கள் என்ற எண்ணம் வெளியாரிடையே நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. இதனை ஒரு மனப்பண்பாகக் கொள்வோர் வரலாற்றை மறந்துவிடுகின்றனர். குளங்கள் தூர்ந்து, மலேரியாவினால் கிராமங்கள் தேய்ந்த பிரதேசம் இது. 1902இல் தொடங்கப்பட்ட இரணைமடுக் குளத்தின் வேலைகள் 1920 அளவில் நிறைவுற்றதும், 1930களில் கிளிநொச்சிக் குடியேற்றங்கள் தொடங்கியதும், 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிப்பினால் மலேரியா தணிந்ததும் இந்நிலையை மாற்றின. நீரும் நிலமும் உடல்நலமும் கிடைத்தவிடத்து முயற்சியும் தோன்றியது. குடியேறியோரின் மனப்பண்பு திடீரென மாறியதாகக் கொள்வதற்கு இடமில்லை.

ஆயினும் நிலம் யாவருக்கும் ஒரே விதமாகக் கிடைக்கவில்லை. குடாநாட்டிலிருந்து வந்தோர் பலர் அனுமதிப்பத்திரத்துடன் நெற்காணி பெற்றனர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களினால் துரத்தப்பட்டு வந்த மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் மேட்டுநிலங்களில் உறுதியோ அனுமதிப்பத்திரமோ இன்றிக் குடியமர்ந்து, பிறர் வயல்களில் கூலிகளாயினர். 1970களில் டொக்டர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் முன்னின்று நடத்திய காந்தீயம் இயக்கம் இவர்களை வவுனியா முதலிய இடங்களிற் குடியேற்ற உழைத்தது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். பிற்காலத்தில் ஒரே குண்டுவீச்சுக்கு அஞ்சி ஒரே வீதியில் ஓடியவர்களாயினும், ஓடத் தொடங்கியபோதே இவர்கள் சமமானவர்களாக இருக்கவில்லை. திரும்பி வந்தபோதும் அவ்வாறே. காணிக்கு உறுதி காட்ட முடியாதவருக்கு வீட்டுத்திட்டமும் எளிதிற் கிட்டவில்லை.

போருக்கு முந்திய வன்னியின் இவ்வுறவுகளை எமது புனைகதை ஓரளவு பதிவு செய்துள்ளது. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) காட்டோடும் வயலோடும் பிணைந்த வாழ்வைக் காட்டியது. செங்கை ஆழியானின் 'காட்டாறு' (1977) வன்னி விவசாயி சுரண்டப்படுவதைக் கதைப்பொருளாக்கியது. ஒன்று அகவுலகையும் மற்றையது புறவுலகையும் அழுத்தியதெனக் கூறுவதுண்டு. இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போதே வன்னி மனிதரின் முழு உருவம் புலப்படும்.

2. மனவடு எங்கே இருக்கிறது?

வன்னி மக்கள் கடந்து வந்தவற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1995 இறுதியில் வலிகாமத்திலிருந்து பெயர்ந்தோரிற் பெருந்தொகையினர் 1996இல் வன்னிக்கு வந்தனர். அவ்வாண்டிலேயே கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமாயிற்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. இறுதிப் போர்க்காலத்தில் இயக்கத்தின் கட்டாய ஆட்சேர்ப்பு வீடுகளுக்குள் நுழைந்தது. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளர்கள் வெளியேறினர். 2009 மே வரை மக்கள் மேற்கிலிருந்து கிழக்காக, கடற்கரை வரை தள்ளப்பட்டனர். இறுதி மாதங்களிற் கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என 2011இல் ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு கூறியது. தப்பியவர்களிற் பெரும்பாலோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டனர். அம்முகாம் 2012 செப்டெம்பரிலேயே முற்றாக மூடப்பட்டது.

இவ்வனுபவங்களின் உளவிளைவை ஆராய்ந்தவர்களுள் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் முதன்மையானவர். வடபுலத்தையும் வன்னியையும் பற்றி 2007இலும் 2010இலும் வெளிவந்த ஆய்வுகளில் அவர் 'கூட்டு மனவடு' என்ற கருத்தை விளக்கினார். தனிநபரின் நித்திரையின்மை, பயங்கரக் கனவு, பதகளிப்பு ஆகியவற்றை எண்ணிக் கணக்கிடுவதோடு மருத்துவரின் பணி முடிவதில்லை. குடும்பம், அயல், கிராமம் ஆகிய அமைப்புகளே காயப்பட்டுள்ளன. நம்பிக்கை குன்றுதல், மௌனம், பிறரிற் சார்ந்திருக்கும் மனப்பாங்கு ஆகியன அக்காயத்தின் அறிகுறிகளாகின்றன.

எல் சல்வடோரின் உளவியலறிஞர் இக்னாசியோ மார்ட்டின்-பாரோவும் இதற்கு நெருங்கிய ஒரு முடிவுக்கே வந்திருந்தார். மனவடு ஒருவரின் மண்டைக்குள் இருக்கும் பொருளன்று, ஒடுக்குமுறைச் சமூகத்தின் உறவுகளில் அது உறைந்துள்ளது என்பது அவரது வாதம். 1989 நவம்பர் 16 அன்று அந்நாட்டு இராணுவத்தினர் அவரை அவரது பல்கலைக்கழக வளாகத்திலேயே சுட்டுக் கொன்றனர்.

இக்கருத்தை வன்னிக்குப் பொருத்துகையில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இங்கு உறவுகள் வெளியிலிருந்து மாத்திரம் சிதைக்கப்படவில்லை. பிள்ளையைப் பிடித்துச் சென்றவர் அயலூரவராக இருந்தார். முகாமில் ஆளைக் காட்டிக்கொடுத்தவரும் தெரிந்தவராக இருக்கக்கூடும் என்ற ஐயம் நிலவியது. புனர்வாழ்வு முடிந்து வந்த முன்னாட் போராளியை ஒருபுறம் புலனாய்வாளரும் மறுபுறம் ஊராரும் ஐயத்துடன் நோக்கினர். இந்நிலையில் 'தன்னம்பிக்கைப் பயிற்சி' என்ற பெயரில் அவருக்குக் கற்பிக்கப்படுவது, சமூகம் அவருக்கு மறுத்ததை அவரே தமக்கு வழங்கிக்கொள்ளும்படி கேட்பதேயாகும்.

3. முடிவுறாத துக்கம்

துக்கம் இயல்பாகவே சமூகத்தன்மை வாய்ந்தது. எமது கிராமங்களில் ஒப்பாரி, எட்டுச்செலவு, அந்தியேட்டி, ஆட்டைத்திவசம் என அது படிப்படியாக ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. இவற்றைப் பகுத்தறிவு நோக்கிற் குறைகூறியவர்களுள் நாமும் அடங்குவோம். இச்சடங்குகளிற் சாதிப் படிமுறையும் வீண்செலவும் இருந்தன என்பது உண்மையே. ஆனால் இழந்தவரை அயலவர் சூழ்ந்து, இறப்பை ஊரறிய ஏற்று, அவரை மீண்டும் வாழ்வுக்குக் கொணரும் பணியையும் அவை செய்தன என்பதை நாம் கவனியாது விட்டோம்.

காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு இவ்வழி அடைபட்டுவிட்டது. உடல் இல்லை, இறந்த திகதி இல்லை. மகனை இராணுவத்திடம் நேரிற் கையளித்த தாய் அந்தியேட்டி செய்தால் மகனைத் தானே இறந்தவனாக்கியவளாவாள். பொட்டு வைப்பதா, விடுவதா என்பதையே மனைவியாற் தீர்மானிக்க முடிவதில்லை. இங்கே உளநலத்தின் தடை, விடையளிக்க வேண்டிய அரசு விடையளிக்காதிருப்பதாகும்.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் இத்தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டத்தை இந்நோக்கிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். அது அரசியற் கோரிக்கை. அதேவேளை, தனித்தனி வீடுகளில் உறைந்திருந்த துக்கத்தைப் பொதுவெளிக்குக் கொணர்ந்து பகிர்ந்துகொண்ட செயலுமாகும். விடை கிடைக்காமலே பெற்றோர் பலர் இதற்கிடையில் இறந்துவிட்டனர். முல்லைத்தீவின் வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலின்போது ஆயிரக்கணக்கானோர் வழிபடும் கண்ணகி, கணவனை இழந்து அரசவையில் நீதி கேட்ட பெண் என்பது இலக்கிய மாணவர் அறிந்ததே. நீதி கேட்பதும் துக்கத்தின் ஒரு வடிவம் என்பதை அம்மக்களின் மரபு ஏற்றுக்கொண்டுள்ளது. அதனை நோயாகக் கொள்ளும் அணுகுமுறை அம்மரபை விடவும் பின்தங்கியதாகும்.

4. கடன்: உறவு பகையாதல்

பொருளாதாரவாதத்தின் குறைபாட்டைப் போருக்குப் பிந்திய 'அபிவிருத்தி'யே வெளிப்படுத்தியது. வீதிகள் காபெட் இடப்பட்டன, வங்கிகள் திறந்தன. 2012இல் விரிவாகத் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ்க் குடும்பமொன்றுக்கு 550,000 ரூபா தவணைகளில் வழங்கப்பட்டது. பயனாளிகளே வீட்டைக் கட்டவேண்டும். சீமெந்தும் மணலும் மேசன் கூலியும் ஏற, வீட்டை முடிக்கப் பலர் கடன்பட்டனர். ஆண்துணை இழந்த குடும்பங்களில் அக்கடனைப் பெண்களே சுமந்தனர்.

நுண்நிதி நிறுவனங்கள் இச்சூழலிற் கிராமங்களுக்குள் வந்தன. அவற்றின் பொறிமுறை உற்றுநோக்கத்தக்கது. பெண்கள் சிலர் ஒரு குழுவாக ஒருவருக்கொருவர் பிணை நிற்பர். வாரந்தோறும் கூடிப் பணம் கட்டுவர். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர் பொறுப்பு. எனவே நெருக்குவதற்கு நிறுவன அலுவலர் மாத்திரம் தேவையில்லை. பக்கத்து வீட்டாளே கடன் அறவிடுபவளாகிறாள். கைமாற்றும் சீட்டும் கொடுத்து உதவிய அயலுறவு, வட்டி உறிஞ்சும் குழாயாக மாற்றப்படுகிறது. ஒரு கடனை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மற்றொன்று என நீண்ட இச்சங்கிலி தற்கொலைகளுக்கும் காரணமாயிற்று என்பது வடக்கில் வெளிப்படையாகப் பேசப்பட்டது. பெண்களின் எதிர்ப்புக்குப் பின்னர், 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது.

பொருள்வளம் வந்தது, உளநலம் வரவில்லை. ஏனெனில் வந்த வடிவமே உறவைச் சிதைப்பதாக இருந்தது. இதன் மறுதலையையும் நாம் காணலாம். சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் செயற்படும் இடங்களிற் கடன், கூட்டங்கூடிப் பேசித் தீர்மானிக்கும் விடயமாக உள்ளது. அங்கு கடன்பட்டவள் சங்கத்தின் அங்கத்தவளுமாவாள். அவளுக்கு வாக்கு உண்டு. காரணம் சொல்ல இடமும் உண்டு.

ஒஸ்திரியாவின் மரியந்தால் கிராமம் பற்றி மரீ யஹோடாவும் அவரது தோழரும் 1933இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. நெசவாலை மூடப்பட்டபின் அக்கிராமத்தவருக்கு ஓய்வு நேரம் பெருகியது. எனினும் நூலகத்தில் இரவல் பெறும் நூல்கள் குறைந்தன. ஆண்களின் நடைகூட மந்தமாயிற்று. வேலை கூலியை மட்டுமன்றி நேரத்துக்கு ஒழுங்கையும் மனிதருக்குப் பிறரோடு தொடர்பையும் தருகிறது என அவர்கள் கண்டனர். காணியை இராணுவத்திடம் இழந்த கேப்பாப்புலவு மக்கள் 2017 சனவரி இறுதியில் தொடங்கிய போராட்டத்தின்போது, மாற்றுக்காணியை ஏற்க மறுத்ததன் பொருளும் இதுவே. அவர்கள் கேட்டது குறித்த பரப்பளவு மண்ணையன்று. கடலும் வயலும் கோயிலும் அயலும் சேர்ந்த வாழ்வையே அவர்கள் கேட்டனர்.

5. பரீட்சையும் வெற்றியும்

'வெற்றி' என்ற சொல் எம்மிடையே பெரும்பாலும் க.பொ.த. உயர்தரப் பெறுபேற்றையே குறிக்கும். நிலவளம் குன்றிய யாழ்ப்பாணத்தில் உத்தியோகமே வாழ்வழியானபோது உருவான மதிப்பீடு இது. அது வன்னிக்கும் பரவியது. ஆண்டுதோறும் பெறுபேறு வெளியானதும் கூலித்தொழிலாளியின் மகள் மருத்துவபீடம் செல்லும் செய்தி பத்திரிகைகளில் இடம்பெறும். அம்மாணவியின் உழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் அச்செய்தி, சித்தியெய்தாத நூற்றுக்கணக்கானோரை மௌனமாகக் குற்றஞ்சாட்டவும் பயன்படுகிறது: அவளால் முடிந்ததெனில் உன்னால் ஏன் முடியவில்லை?

பல்கலைக்கழக அனுமதி முறையே இதற்கு மறுப்பாக உள்ளது. பெரும்பாலான துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் பின்தங்கிய மாவட்டங்களாகும். பெறுபேறு தனிமனித ஆற்றலின் அளவு மாத்திரமன்று என்பதை அரசே இதன்மூலம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் மாவட்டத்தினுள்ளே உள்ள ஏற்றத்தாழ்வை இவ்வொதுக்கீடு காண்பதில்லை. நகரப் பாடசாலைக்கும் ரியூட்டரிக்கும் அருகிலுள்ள உத்தியோகத்தர் பிள்ளையும், கணித விஞ்ஞான ஆசிரியரற்ற உட்கிராமத்துக் கூலியாளர் பிள்ளையும் ஒரே மாவட்டத்தவரே. வர்க்கம் மாவட்டமாகப் பெயர்மாற்றம் பெறும்போது அதன் கூர்மை மழுங்கிவிடுகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து உளவளத்துணை தேவையற்றது என்ற முடிவுக்கு யாரும் வருதல் தகாது. நித்திரையின்றித் தவிப்பவருக்கு மருத்துவரும் உளவளத்துணையாளரும் இன்றே வேண்டும். சமூக மாற்றம் வரும்வரை காத்திருக்கும்படி துன்புறுபவரிடம் கூறுவது மார்க்சியம் ஆகாது. மனம் பொருளியலின் வெறும் நிழலன்று என்பதை நாம் கற்றாக வேண்டும். துக்கம் தீராதவரால் நிலம் கிடைத்தும் உழ முடிவதில்லை. நம்பிக்கை அற்றவரால் சங்கம் அமைக்க முடிவதில்லை. அவ்வாறே, உழ நிலமும் ஊதியமும் விடையும் இல்லாதவரிடம் நம்பிக்கையை வளர்த்துக்கொள்ளும்படி கூறுவதும் பயனற்றது.

எனவே, உளவளத்துணையாளர் ஒருவர் தம்மிடம் வந்தவரின் காணிப் பிரச்சினையையும் கடனட்டையையும் கேட்டறிவது தமது துறைக்குப் புறம்பானதன்று. கூட்டுறவாளர் ஒருவர் தமது அங்கத்தவரின் துக்கத்தைக் கேட்பதும் அவ்வாறே. வன்னியில் அமைந்துள்ள பல்கலைக்கழகப் பீடங்களும் வளாகங்களும் தம்மைச் சூழவுள்ள மக்களை ஆய்வுத் தரவாக மாத்திரம் கொள்ளாது, அவர்களுடைய சங்கங்களோடு இணைந்து இப்பணியைத் தொடங்கவேண்டும். மீண்டெழும் ஆற்றல் வன்னி மக்களிடம் உண்டு என்பதைப் பல தடவை எரிந்து பல தடவை கட்டப்பட்ட அவர்களது வீடுகளே காட்டியுள்ளன. அவ்வாற்றலைப் புகழ்ந்துவிட்டு, அவர்கள் மீண்டும் மீண்டும் எழவேண்டியிருந்ததன் காரணங்களைக் கேளாது விடுவது புலமையாளர்க்கு அழகன்று.