பெயரை மாற்றிக் கேட்டுப் பாருங்கள்

வகுப்பில் முதல் பெஞ்சுக்காரர்களிடம் மூன்று சாக்பீஸ் டப்பாக்களைக் கொடுப்பேன். மேஜைமேல் 'அ'. அதன் தலையில் 'இ'. பக்கத்தில் தனியாக 'ஆ'. இதை இ கீழே, ஆ நடுவில், அ உச்சியில் என்று மாற்ற வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு டப்பாதான். யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. இ-யை இறக்கி, அதன்மேல் ஆ, அதன்மேல் அ. மூன்றே நகர்த்தல்.

இதில்தான் 1970-களின் திட்டமிடும் நிரல்கள் இடறின. 'ஆ-வின் மேல் அ', 'இ-யின் மேல் ஆ' என்று வேலையை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றாக முடிக்கப் பார்த்தன. முதலாவதை முடித்தால், இரண்டாவதற்காக அதைக் கலைக்க வேண்டும். இரண்டாவதை முதலில் முடித்தாலோ அ அடியில் மாட்டிக்கொள்ளும். எம்.ஐ.டி.யின் ஜெரால்டு சஸ்மன் ஆய்வேட்டால் பிரபலமான இதை 'சஸ்மன் முரண்' என்பார்கள்.

1998-இல் பிட்ஸ்பர்க்கில் இத்தகைய நிரல்களுக்கென்றே சர்வதேசப் போட்டி தொடங்கியது. வினாத்தாளை எல்லா நிரல்களும் படிக்க, ட்ரூ மெக்டெர்மட் குழுவினர் பி.டி.டி.எல். என்ற பொது மொழியை உருவாக்கினார்கள். சரக்கு லாரி, லிஃப்ட், செயற்கைக்கோள் என்று கணக்குகள் பெருகின. எனக்குப் பிடித்தது, இரண்டு கை ரோபோ பந்துகளை அடுத்த அறைக்குக் கொண்டுபோகும் கணக்கு. குழந்தைகூடச் செய்துவிடும். ஆனால் எந்தப் பந்தை முதலில் எடுத்தாலும் ஒன்றுதான் என்பது புரியாத நிரல், எல்லா வரிசைகளையும் அலசியே ஓய்ந்துபோகும்.

என் பார்வையில் இவை எல்லாவற்றையும்விடக் கூர்மையான சோதனை, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அரிசோனா பேராசிரியர் சுப்பாராவ் கம்பம்பாட்டியின் குழு மொழி மாதிரிகளுக்கு வைத்தது. டப்பாக்களுக்குப் பதில் கட்டைகள்; அதே அடுக்கும் கணக்கு, விதிகளில் ஒரு மாற்றமும் இல்லை. சொற்களை மட்டும் மாற்றினார்கள். 'கையில் எடு' என்பது 'தாக்கு' ஆனது. ஒரு கட்டை இன்னொன்றின் மேல் 'இருக்கிறது' என்பதற்குப் பதில், அதற்காக 'ஏங்குகிறது'! கட்டைகள் என்று சொன்னபோது ஜி.பி.டி-4 என்ற மொழி மாதிரி ஒரே ஓர் உதாரணத்தைப் பார்த்துவிட்டு மூன்றில் ஒரு பங்குக் கணக்குகளைச் சரியாகப் போட்டது. பெயர் மாறியதும் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. அது திட்டமிடவில்லை, எங்கோ படித்ததை ஒப்பித்தது என்பதே என் தீர்ப்பு.

2024-இல் வந்த ஓ1-பிரிவியூ என்ற புதிய மாதிரி மிகவும் முன்னேறியது: கட்டைகளில் 97.8 சதவீதம். பெயர் மாற்றியதில் 52.8. மொழி மாதிரி ஏதும் இல்லாத பழைய பாணித் திட்ட நிரலான ஃபாஸ்ட் டவுன்வர்டுக்கு இரண்டிலும் நூற்றுக்கு நூறு, அதுவும் கணக்குக்கு ஒரு நொடிகூட ஆகாமல்.