கால்வாய்க்கு மேலே இருப்பவர்கள்

பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை, அங்கிருந்து தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. இந்த எல்லைக் கிராமங்களில் தண்ணீர் என்றாலே பேச்சு, கேரளத்திலிருந்து விளவங்கோட்டுக்கு நீர் கொண்டுவந்த நெய்யாற்று இடதுகரைக் கால்வாய்க்குத்தான் போகும். 2004இல் கேரளம் விளவங்கோட்டுக்கான தண்ணீரை நிறுத்தியது. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தக் கதையைப் பலரும் எழுதியாயிற்று. தண்ணீர் புறப்படும் மலையில் குடியிருப்பவர்களைப் பற்றித்தான் யாரும் அதிகம் எழுதுவதில்லை.

அவர்கள் காணிக்காரர்கள். அகத்தியர் மலைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் பேச்சிப்பாறை, கேரளப் பக்கம் அம்பூரி, கோட்டூர் என்று பரந்திருக்கிறார்கள். குடியிருப்புக்குத் தலைவர் மூட்டுக்காணி. வைத்தியமும் மந்திரமும் பார்ப்பவர் பிலாத்தி. பேச்சில் தமிழும் மலையாளமும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கும்.

நெய்யாறு அணை 1958இல் வந்தது. அதே ஆண்டு சுற்றியுள்ள 128 சதுர கிலோமீட்டர் காடு சரணாலயமானது. கீழே ஏலாக்களில் (வயல்வெளிகளில்) நீர் பாய்ந்தது; மேலே அம்பூரிக்கும் காணிக் குடியிருப்புகளுக்கும் நடுவில் நீர்த்தேக்கம் விரிந்தது. பள்ளிக்கூடமோ பிரசவமோ, எதற்கானாலும் கும்பிச்சல் கடவில் தோணிக்குக் காத்திருப்பது பல பத்தாண்டு வழக்கமாகிப் போனது.

இப்போது மழையும் முறை தவறுகிறது. இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) துலாமழையும் (வடகிழக்குப் பருவமழை) வரும் காலத்தை நம்பித்தான் மலையில் மிளகும் மரச்சீனியும் (மரவள்ளி) தேனும். முதல் மழையில் மிளகுக்கொடி திரி விடும்; அதன்பின் நீண்ட வெயில் காய்ந்தால் திரி உதிர்ந்துவிடும். மழை நாளில் ரப்பர் பால் வெட்ட முடியாது, அன்றைய கூலி போயிற்று. அரபிக்கடல் சூடேறச் சூடேற, ஒரு வாரத்து மழை ஒரே இரவில் கொட்டுவது சகஜமாகிவருகிறது.

ஆனாலும் எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. 2001 நவம்பர் 9 இரவு அம்பூரியில் மலை சரிந்து ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். பெய்தது பெருமழைதான். ஆனால் காடாக இருந்த செங்குத்துச் சரிவு அதற்குள் ரப்பராகவும் மரச்சீனியாகவும் மாறியிருந்தது. நீர் வடியும் ஓடைகளை வரப்புகள் அடைத்திருந்தன. தமிழ்நாட்டுப் பக்கமும் கதை வேறில்லை. 1984இல் அரசு ரப்பர் கழகம் உருவாகி, குமரி மலைகளில் காட்டு நிலத்திலேயே அரசுத் தோட்டங்கள் நடந்தன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது குமரியில் ரப்பர் மரங்கள் கணக்கின்றிச் சாய்ந்தன. பால் வெட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு அது வருடக்கணக்கில் வருமானமின்மை. புது ரப்பர் கன்று பால் தர ஏழு ஆண்டாவது வேண்டுமே.

காணிகளின் அறிவுக்கு மரியாதை கிடைத்த காலமும் உண்டு. 1987இல் காட்டுக்குள் களைத்துப்போன விஞ்ஞானிகளுக்கு, வழிகாட்டிகளாக வந்த காணிகள் ஒரு சிறு காயைத் தின்னக் கொடுத்தார்கள். அது ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காய். கேரளத்தில் பாலோடு என்ற ஊரில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் அந்தச் செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமத்தொகைக்கும் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்குக் கொடுத்தது; பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடு. அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது. உலகமே மெச்சிய ஒப்பந்தம். ஆனால் அந்தச் செடி மர நிழலில் மட்டுமே செழிப்பது. அதைப் பயிரிட்டு விற்கக் காணிகள் முன்வந்தபோது, காட்டில் இருப்பதையும் பிடுங்கிவிடுவார்கள் என்று தடுத்தது கேரள வனத்துறை. காட்டை அழித்துத் தைலமரமும் அக்கேசியாவும் நட்டதும் அதே வனத்துறைதான் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

2006இன் வன உரிமைச் சட்டம், பரம்பரையாகக் காத்துவந்த காட்டை நிர்வகிக்கும் உரிமையையும் கிராம சபைக்குத் தருகிறது. எந்தச் சரிவில் மரம் நிற்க வேண்டும், எந்த ஓடையை மறிக்கக் கூடாது என்று அந்தச் சபையில் சொல்ல மூட்டுக்காணிக்குச் சட்டப்படியே இடம் உண்டு. நெய்யாற்று வழக்கில் அந்த இடம் கிடையாது. மாநிலங்களுக்கு இடையிலான வழக்கு என்பதால், அதில் கட்சிக்காரர்கள் அரசுகள் மட்டும்தான்.