பாக்டீரியா இழுத்த லைன்

மின்வாரியத்தில் கேபிளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். எந்த ஒயரைக் கண்டாலும் கோர் எது, இன்சுலேஷன் எது என்றுதான் முதலில் பார்ப்பேன். ஜியோபேக்டர் என்ற பாக்டீரியா தன் உடம்புக்கு வெளியே ஒயர் இழுக்கிறது என்று படித்தபோதும் அதைத்தான் தேடினேன். விஞ்ஞானிகளே இந்தக் கேள்வியோடு பதினான்கு வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

அதற்கு ஒயர் எதற்கு? சாப்பாட்டிலிருந்து நம் செல்கள் பிரித்தெடுக்கும் எலெக்ட்ரான்கள் கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்கின்றன. மூச்சு விடுவதே அதற்காகத்தான். ஜியோபேக்டர் வாழும் சேற்றில் ஆக்சிஜன் இல்லை, இரும்புத் துரு உண்டு. துரு செல்லுக்குள் நுழையாது; ஆகவே எலெக்ட்ரான்தான் வெளியே போயாக வேண்டும். இந்த வகையில் முதல் பாக்டீரியாவை 1987-ல் டெரெக் லவ்லி அமெரிக்காவின் பொடோமாக் ஆற்று வண்டலில் கண்டறிந்தார்.

செல்லின் மேல் முளைக்கும் ‘பிலை’ என்ற புரத இழைகள்தான் ஒயர் என்று 2005-ல் அவர் குழு அறிவித்தது. 2019-ல் யேல் பல்கலைக்கழகத்தின் நிகில் மால்வங்கரும் வர்ஜீனியாவின் எட்வர்ட் ஈகல்மனும் இழையை உறையவைத்து, கிரையோ எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். அது பிலையே இல்லை. ஓஎம்சிஎஸ் என்ற சைட்டோகுரோம் புரதம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட சரம். தடிமன் சுமார் 4 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு புரதத்துக்குள்ளும் ஆறு ஹீம். ரத்தத்தைச் சிவப்பாக்கும் இரும்புச் சேர்மத்தின் குடும்பம்தான் இதுவும். மின்முனையில் தடிப்பாகப் படரும் ஜியோபேக்டரும் வெறுங்கண்ணுக்கே இளஞ்சிவப்பாகத் தெரியும். ஒரு புரதத்தின் கடைசி ஹீமும் அடுத்ததன் முதல் ஹீமும் ஒட்டினாற்போல் நிற்பதால் வரிசை எங்கும் அறுபடுவதில்லை. எலெக்ட்ரான் ஹீமுக்கு ஹீம் தாவிப் போகிறது. ஹீம் வரிசைதான் கோர், சுற்றியிருக்கும் புரதம் இன்சுலேஷன்!

லவ்லி தரப்பு அதன் பிறகும் பிலைக்காக வாதாடியது. சைட்டோகுரோமை வெளியே தள்ளும் உந்துதண்டுதான் பிலை என்று 2021-ல் யேல் குழு சொன்னது. அணு அணுவாகக் காட்டியவர்கள் பக்கமே என் ஓட்டு.

இதை வைத்து வீட்டு விளக்கை எரிக்கலாமா என்று கேட்காதீர்கள். கரண்ட் மிகச் சொற்பம். கொலராடோவின் ரைஃபிள் என்ற ஊரில் வேறு உபயோகம் கண்டார்கள். பழைய யுரேனியத் தாது ஆலை இருந்த இடத்தின் நிலத்தடி நீரில் ஜியோபேக்டருக்குத் தீனியாக அசிட்டேட் செலுத்தினார்கள். ஜியோபேக்டர் பெருகி, கரைந்திருந்த யுரேனியத்துக்கும் எலெக்ட்ரான் கொடுத்தது. யுரேனியம் கரையாத வடிவத்துக்கு மாறி மண்ணில் தங்கிவிட்டது. தண்ணீரில் அதன் அளவு குறைந்தது.