எரிமலைத் தீவில் கார்ப் பயணம்

ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளில் தெற்கே இருப்பது கியூஷூ. வரும் தை மாதம் அதைக் காரில் சுற்றிவர மண்டிக்காரர்கள் நாங்கள் நால்வர் திட்டமிட்டிருக்கிறோம். அங்கும் வண்டி இடப்பக்கமே போகிறது. நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி அங்கே செல்லும்.

சிக்கல் ஆசோ எரிமலையில் வந்தது. வடக்கு தெற்காகச் சுமார் 25 கி.மீ. நீளமுள்ள பெரும் பள்ளம் அது. உள்ளேயே ஊர்களும் நெல்வயல்களும் உண்டு. நடுவில் புகையும் எரிமலை வாயில் கந்தக வாயு வருவதால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. ஆயுள் முழுக்க மிளகாய் நெடியில் இருந்த எங்களில் இருவருக்கு அது உண்டே! மற்ற இருவர் மட்டும் போய்வர மனம் ஒப்பவில்லை. பள்ளத்தின் வெளிவிளிம்பில் நின்று நால்வரும் பார்ப்பதென்று முடிவாயிற்று. குளிர்காலத்தில் அந்த மலைச்சாலை உறைவதுண்டு. பனி டயர் போட்ட காராகக் கேட்க வேண்டும்.

அடுத்து தெற்கே, வெதுவெதுப்பான ககோஷிமா. எதிரே சகுராஜிமா எரிமலை. தனித்தீவாக இருந்தது, 1914-இல் வழிந்த எரிமலைக் குழம்பால் ஒரு பக்கம் கரையோடு ஒட்டிக்கொண்டது. ககோஷிமாவிலிருந்து காரோடு படகேறினால் 15 நிமிடம். அந்தச் சாம்பல் மண்ணில் விளையும் முள்ளங்கி உலகிலேயே பெரிய ரகம். அறுவடை ஜனவரி, பிப்ரவரியில். பொங்கல் வியாபாரம் முடிந்து கிளம்பினால் பார்த்துவிடலாம். சாம்பல் எங்கள் பக்கம் பறந்தால் தள்ளிப்போட ஒரு நாள் கூடுதலாக வைத்திருக்கிறோம்.